காற்றின் மேல் போட்ட பழி

கதவுக்கு ஒரு கொக்கி போட்டே தீருவது என்று மாமா, அக்காவின் கணவர், முடிவு செய்துவிட்டார். அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் காலையிலேயே துளை போடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். மாமாவின் மண்டைக்குள் ஒரு யோசனை ஏறிவிட்டால் அதை இறக்க ஆள் பிறக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு, அவற்றுக்கு நடுவிலேயே பேசினார்.

"இந்தக் காத்து இருக்கே, அதை நம்பவே கூடாது. ஜன்னலைத் திறந்தா நேரா வந்து கதவைத்தான் அறையும். இனிமே அறையட்டும் பார்க்கலாம்."

கதவை விரியத் திறந்து, சுவரோடு சேர்த்து மாட்டிவிடுகிற கொக்கி. கீழே போட்டால் காலில் இடிக்குமென்று உச்சியில் போட்டார். சின்னவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவர்த்தூள் அவள் தலையில் கொட்டியது. தட்டிவிடவில்லை. எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

ஏனென்றால் கதவை அறைந்தது காற்று இல்லை. அவள்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் தட்டச்சுக் கடை அது. டயர் கடைக்கு மேலே முதல் மாடி, இரண்டே அறைகள். முன்னறை சின்னவளுக்கு: வருகிறவர்களிடம் பேசுவது, பிழை பார்ப்பது, பக்கம் கட்டுவது, பிரிண்ட் எடுப்பது. உள்ளறை அக்காவுக்கு: அடிப்பது, அடிப்பது, மறுபடியும் அடிப்பது. பழைய தமிழ் டைப்ரைட்டரில் பழகிய கை அக்காவுடையது. அவளுடைய விசைப்பலகையில் ஒரு தமிழ் எழுத்துகூட அச்சாகியிருக்காது. 'ழ' எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். அடிக்கச் சொன்னால் விரல் தானாகப் போய் உட்காரும். சின்னவளோ ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிற கூட்டம். இரண்டு விரலில் அவள் ஒரு வரி முடிப்பதற்குள் அக்கா ஒரு பக்கம் முடித்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றிருப்பாள்.

சின்னவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உண்மை பேசும்போது அவளைப் போல சாதுவான பெண் கிடையாது. பொய் சொன்னால்தான் கோபம் வரும். சாதாரணக் கோபம் இல்லை, மூக்கு விடைத்து, குரல் உச்சிக்கு ஏறி, கேட்டவன்தான் குற்றவாளி என்கிற மாதிரியான கோபம். சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து, "நான் என்ன பென்சிலுக்குக் காவல்காரியா?" என்று கத்தியவள். அவள் கத்தினால் ஏதோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். இது அவளைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆபரேட்டர் என்று அவர்கள் கூப்பிடுகிறவள் கடைக்கு வரத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் இணைப்பு கொடுக்கிற வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. வேலை முடிந்து சாயங்காலம் வருவாள். கைத்தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஆய்வேட்டை வாயாலேயே சொல்லுவாள். ஆஸ்பத்திரிக்கு போன் செய்கிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. கெட்ட செய்தி சொல்ல வேண்டியவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்லுவார்கள், நல்ல செய்தி வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் பெயரே மறந்துபோயிருக்கும் என்றெல்லாம் வரும். தனக்கே டைப் அடிக்கத் தெரியும், ஆனால் அடிக்கும்போது யோசனை நின்றுவிடுகிறது, பேசினால்தான் ஓடுகிறது என்பாள். அவள் பேசுகிற வேகத்துக்கு அக்காவின் கையும் ஓடியது. அந்த ஆய்வேடு ஒரு தாளிலும் கிடையாது. அவள் வாயிலிருந்து நேராக அக்காவின் கம்ப்யூட்டருக்குள் போனதுதான்.

அதனால்தான் ஒரு ஏற்பாடு. ஆபரேட்டர் போனதும் அக்காவும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கம்ப்யூட்டரைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போவாள். சின்னவள் அன்றைய வேலையை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரை அணைத்து, கடையைப் பூட்டி, பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதலில் ஒழுங்காகத்தான் செய்தாள். பிறகு பென் டிரைவ் நிறைந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும், நாளைக்கு வாங்கலாம் என்று விட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று அது தள்ளிப்போனது. கையிலிருந்ததையும் ஒருநாள் துடைத்து எதற்கோ கொடுத்துவிட்டாள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சோம்பல்தான். சோம்பலுக்கு இவ்வளவு பெரிய வாய் இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சம்பவம் நடந்த அன்று ஆபரேட்டரின் ஆய்வேடு முடிந்திருந்தது. கடைசி வரியைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து விரல்களை நெட்டி முறித்தபடி கேட்டாள்.

"எல்லாத்துக்கும் நகல் இருக்கில்ல?"

"இருக்குக்கா."

"கடைசி வரைக்கும் எடுத்தியா?"

"எத்தனை தடவை சொல்றது? எடுத்தாச்சு, எடுத்தாச்சு, எடுத்தாச்சு! நான் என்ன பொய்யா சொல்றேன்?"

சொல்லிக்கொண்டே முன்னறைக்குப் போனவள் பின்னாலேயே கதவை இழுத்து அறைந்தாள். அவளோடு பேசிக்கொண்டே வந்த அக்கா கதவு நிலையில் கை வைத்திருந்தாள். மரத்தில் மரம் மோதுகிற சத்தம் வரவில்லை. அக்காவிடமிருந்துதான் வந்தது.

வலது கையில் மூன்று விரல்கள் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"காத்துல கதவு அடிச்சுக்கிச்சு டாக்டர்."

சின்னவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூடியதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு. அதற்குப் பிறகு அந்த வாயை எப்போது திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாமா ஓடிவந்தபோதும் காற்றுதான். பக்கத்து வீட்டில் கேட்டபோதும் காற்றுதான். பாவம், அந்தக் காற்றுக்காகப் பரிந்து பேச யாரும் இல்லை.

மாமா கொக்கியைப் போட்டு, கதவை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு சின்னவள் உள்ளறைக்குள் போனாள். அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்திலும் பழக்கத்தில் அணைத்துவிட்டிருந்த கம்ப்யூட்டரைப் போட்டாள். கடவுச்சொல் கேட்டது. அவளிடம் கடவுச்சொல் கிடையாது. இதுவரை தேவைப்பட்டதும் இல்லை. அக்கா காலையில் திறப்பாள், இவள் மாலையில் அணைப்பாள், அவ்வளவுதான்.

அக்காவின் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள். இல்லை. மாமாவின் பெயர். இல்லை. அம்மாவின் பெயர், பிறகு தன் பெயர். இல்லவே இல்லை. தன் பெயரைப் போட்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு தப்புக்கும் கம்ப்யூட்டர் காக்க வைக்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. பயந்துபோய் மெக்கானிக்கை வரவழைத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். முன்பு ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் அடித்தபோது, வெளியே கசியக் கூடாது என்று பள்ளியில் கேட்டுக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் உள்பூட்டுப் போட்டு, மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றும்படியும் செய்துவைத்திருந்தார். எதையும் 'அடடே' என்று ஆரம்பிக்கிற மனிதர்.

"அடடே, வெறும் வாசல் பூட்டா இருந்தா இப்பவே தட்டித் திறந்துடுவேன். இது டிஸ்க்குக்குள்ளயே பூட்டு. உடைச்சா உள்ள இருக்கிறது கூழாயிடும்."

"மாத்துச் சாவின்னு ஒண்ணு இருக்குமாமே?"

"இருந்துச்சு. நீளமா ஒரு எண். அதைப் பத்திரமா எங்கே வெச்சேன்னா..." அவர் திரையைக் கை காட்டினார். "இதுக்குள்ளதான் வெச்சேன்."

பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய புண்ணியவான். சின்னவளுக்குத் திட்ட வாய் வந்தது. திட்டுகிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று யோசித்து அடக்கிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு தடவைதான் தப்பாப் போடலாம்," என்றார் மெக்கானிக். "அதுக்கப்புறம் அந்த எண்ணைத்தான் கேட்கும். யோசிச்சுப் போடுங்க."

அவர் படி இறங்கும்போதே போன் அடித்தது. ஆபரேட்டர்.

"அக்காவுக்குக் கை எப்படி இருக்கு? கேட்டதிலேருந்து எனக்கு மனசே சரியில்ல. தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க, நாளைக்குச் சாயங்காலம் வந்து பென் டிரைவை வாங்கிக்கறேன். அதுக்கு மறுநாளே யுனிவர்சிட்டியில கொடுத்தாகணும். அதோட கெடு முடியுது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு, இனிமே தர மாட்டாங்க. நல்லவேளை, நீங்க நகல் எடுத்து வெச்சிருக்கீங்க. அக்கா சொல்லிக்கிட்டே இருப்பாங்க, என் தங்கச்சி பார்த்துக்கறான்னு."

"வாங்க," என்றாள் சின்னவள்.

வீட்டில் அக்கா ஜன்னலோரம் தலையணையில் கையைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். மாமா ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். பாதி வாயில், பாதி பிளாஸ்டரில். "கல்யாணத்தப்போகூட எனக்கு இப்படி ஊட்டினது இல்ல, காத்துக்குத்தான் நன்றி சொல்லணும்," என்று அக்கா சிரித்தாள். சின்னவளால் சிரிக்க முடியவில்லை. மாமா தட்டை எடுத்துக்கொண்டு போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உன் கடவுச்சொல் என்ன?"

"அது எனக்கு எங்கே தெரியும்? விரலுக்குத்தான் தெரியும்."

இது பாதி உண்மை. கடவுச்சொல் பெட்டியில் அக்கா தமிழைத்தான் அடிப்பாள். கம்ப்யூட்டர் அப்போது ஆங்கிலத்தில் இருப்பதால் உள்ளே போய் விழுவது ஆங்கிலக் கிறுக்கல். அக்காவின் விரல்களுக்கு மட்டும் அது சுத்தமான தமிழ். மாதாமாதம் புதிதாக எங்கே போவது என்று, அந்த மாதம் மனதில் எது அரித்துக்கொண்டிருக்கிறதோ அதையே ஒரு வாக்கியமாக அடித்துவிடுவாள். ஒருமுறை அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். டயர் கடைக்காரர் புதிதாக ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டியிருந்த மாதம் அது. 'நாயே வாயை மூடு' என்று அடித்துத்தான் தினமும் வேலையைத் தொடங்கினாளாம்.

"என்ன வாக்கியம்னு மட்டும் சொல்லு," என்றாள் சின்னவள். "டைப்ரைட்டர்ல எந்த எழுத்து எங்கே இருக்குன்னு படம் போன்ல கிடைக்குது. பார்த்துப் பார்த்து அடிச்சுக்கறேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எதுக்கு இப்போ?"

"ஆபரேட்டர் நாளைக்கு வர்றாங்க."

"அதான் நகல் இருக்கில்ல. எடுத்துக் கொடுத்துடு. பிளாஸ்டர் பிரிச்சதும் கம்ப்யூட்டரை நானே திறந்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "இருக்கில்ல?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. கிட்டத்தட்ட கெஞ்சல். அது சின்னவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தன் கோபம்தான் கேட்டது.

"இருக்கு, இருக்கு! அதுல என்ன அப்படி ரகசியம்? ஒரு வாக்கியத்தைச் சொன்னா உன் சொத்தா போயிடும்?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா.

மறுநாள் காலை முழுவதும் சின்னவள் கடையில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தாள். பென் டிரைவ் கெட்டுப்போய்விட்டது. எடுத்தேன், ஆனால் திறக்கவில்லை. இது யார் தலையில் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியதுதானே. காற்றைப் போல, பென் டிரைவுக்காகவும் யாரும் பரிந்து பேசப் போவதில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை சொல்லும்போதே காது சூடாகி, எதிரே யாரும் இல்லாமலே குரல் ஏறியது. நான் என்ன பென் டிரைவுக்குக் காவல்காரியா என்று வாயில் வந்தது. அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகத் தன் கோபத்தின் முகம் தெரிந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தன் மேலேயே அவ்வளவு அருவருப்பு இதற்கு முன் வந்தது கிடையாது. ஒரு மனுஷி இருட்டிலேயே உட்கார்ந்து ஒரு வருடமாகச் சொன்னதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. அக்காவின் விரல்களைப் போல அதையும் உடைத்துவிட்டு, பழிபோட ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அக்காவை மாமா கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார். ஆபரேட்டரை நேரில் பார்த்து வழியனுப்ப வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக வந்திருந்தாள். உள்ளறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்னவள் பேச வாயெடுப்பதற்குள் படியில் கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டது. ஆபரேட்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.

முன்னறையில் அவளை உட்கார வைத்து, "ஒரு நிமிஷம், இதோ எடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு சின்னவள் உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தப் பார்த்தாள். அசையவில்லை. மாமாவின் கொக்கி. எம்பிக் குதித்தாள், எட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி இழுத்தாள். மாமா எதையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர், அது அவர் கைக்கு மட்டுமே கழன்று வருகிற கொக்கி. இறங்கினாள். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் ஆபரேட்டர் தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றாள் சின்னவள். குரலைத் தாழ்த்திப் பயனில்லை என்று தெரிந்ததால் தாழ்த்தவில்லை. "நகல் இல்லக்கா. நான் எடுக்கவே இல்ல. ரொம்ப நாளா எடுக்கல. எடுத்தேன் எடுத்தேன்னு சொன்னதெல்லாம் பொய். நீ கேட்டுடப் போறியேன்னுதான் அன்னிக்குக் கத்தினேன். அந்தக் கோபத்துலதான் கதவை அறைஞ்சேன்."

முன்னறை நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அக்கா தன் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்கா."

"படத்தை எடு," என்றாள் அக்கா. "போன்ல இருக்கிற படத்தை. நான் சொல்றேன், நீ அடி."

சின்னவள் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். போனைத் திரையில் சாய்த்து வைத்தாள்.

"ந," என்றாள் அக்கா.

தேடி அடித்தாள்.

"க."

அடித்தாள்.

"ல்."

சின்னவளின் விரல் அந்தரத்தில் நின்றது. மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை.

"அடி," என்றாள். "எ."

எ. டு. த். தி. ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ரு. க். க. திரையில் புள்ளிகள்தான் விழுந்துகொண்டிருந்தன, ஆனால் அவளுக்கு எழுத்துகள்தான் தெரிந்தன. மா. ட். டா.

நகல் எடுத்திருக்க மாட்டா.

இந்த மாதம் முழுவதும், ஒவ்வொரு நாள் காலையிலும், அக்கா இதை அடித்துத்தான் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாள். பிறகு மாலையில் அவளிடம் எடுத்தியா என்று கேட்டிருக்கிறாள். அவள் எடுத்தாச்சு என்று கத்தியிருக்கிறாள். மறுநாள் காலை அக்கா மறுபடியும் இதை அடித்திருக்கிறாள்.

கண் மறைத்துக்கொண்டு வந்தது. தடவித்தான் என்டரைத் தட்டினாள்.

தவறான கடவுச்சொல் என்றது கம்ப்யூட்டர். இன்னும் ஒரு தடவை.

"ஐயோ," என்றாள் சின்னவள். "நீ மாத்திச் சொல்லிட்டியா?"

"இல்ல." அக்கா இடது கையால் மேஜை ஓரத்தைத் தட்டி யோசித்தாள். முறிந்த கையும் பிளாஸ்டருக்குள் அசைந்திருக்க வேண்டும், வலியில் உதட்டைக் கடித்தாள். "'ல்' எப்படி அடிச்சே?"

"ல அடிச்சு, மேல புள்ளி."

"டைப்ரைட்டர்ல புள்ளிதான் முதல்ல. புள்ளி விழுந்தா இடம் நகராது, அப்புறம்தான் எழுத்து அது கீழ வந்து உக்காரும். கொம்பு, சுழி எல்லாம் முன்னாடிதான். எனக்குச் சொல்லத் தோணலை பாரு, விரலுக்குத்தான் ஞாபகம் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "மறுபடியும் அடிக்கணும்."

மறுபடியும் அடித்தாள். ஒருமுறை அடித்தபோது அதிர்ச்சியில் பாதி உறைக்கவில்லை. இப்போது முழுசாக உறைத்தது. தன்னைப் பற்றி எழுதியிருந்த தீர்ப்பைத் தன் விரலாலேயே, புள்ளி பிசகாமல், தப்பில்லாமல் எழுத வேண்டியிருந்தது. ஒரு பிழை செய்தாலும் ஆபரேட்டரின் வருடம் போய்விடும். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் அடித்தது இல்லை.

திறந்தது. திரையில் ஆய்வேடு, அக்கா விட்டுப்போன இடத்திலேயே கிடந்தது.

சின்னவள் மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் வராமல் அழப் பார்த்தாள், முடியவில்லை.

"இதுக்குத்தான் சொல்ல மாட்டேன்னேன்," என்றாள் அக்கா. "நீ நிஜமாவே நகல் எடுத்திருந்தா இது உனக்குத் தெரிஞ்சிருக்கவே வேண்டாம். கை சரியானதும் நானே மாத்தியிருப்பேன். நேத்து நீ கேட்டப்போகூட, சாமி, இவ எடுத்திருக்கணுமேன்னுதான் கேட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் நீயே எடுக்கல?"

அக்கா இடது கையால் பிளாஸ்டரைத் தடவிக்கொண்டாள்.

"எடுத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. எடுத்தா உன்னை நம்பலைன்னு ஆயிடும்னு சொல்லிக்கிட்டேன். அது சாக்கு. என்னைக்காவது உன்னைக் கையும் களவுமா பிடிக்கணும்னு ஓரத்துல ஒரு ஆசை. அதுக்கு அந்தம்மாவோட வேலையைப் பணயம் வெச்சிருக்கேன். நீ மட்டும் அழாதே, எனக்கும் பங்கு இருக்கு."

முன்னறையிலிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது.

"நானும் பேசலாமா?" என்றாள் ஆபரேட்டர்.

இரண்டு பேரும் எழுந்து வாசலில் போய் நின்றார்கள். அவள் முகம் சிவந்திருந்தது. மடித்த தடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எனக்குக் கோபம் வருது. நல்லா வருது. ரெண்டு பேர் மேலயும். ஆனா இப்போ கோபப்பட எனக்கு நேரமில்ல, கொடுத்துட்டு வந்து பட்டுக்கறேன். முதல்ல ரெண்டு நகல் எடுங்க. ஒண்ணு என் கையில, இன்னொண்ணு என் பையில."

சின்னவள் டயர் கடைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து புதிய பென் டிரைவ்களை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். நகல் எடுத்தாள். எடுத்ததைத் திறந்து கடைசி வரி வரைக்கும் இருக்கிறதா என்று பார்த்தாள். ஆபரேட்டரின் உள்ளங்கையில் ஒன்றை வைத்து விரல்களை மூடினாள். மன்னிப்புக் கேட்டாள். ஆபரேட்டர் தலையை அசைத்தாள், பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம் என்று சின்னவளுக்குப் பட்டது.

தடியின் சத்தம் படியிறங்கி மறைந்த பிறகு அக்கா உள்ளறையிலிருந்து கேட்டாள்.

"நமக்கும் ஒரு நகல் எடுத்தியா?"

"எடுத்தேன்கா," என்றாள் சின்னவள். அது உண்மை. குரல் ஏறவில்லை.

அக்கா எழுந்து வந்து பார்க்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள். வந்து பார்த்திருக்கலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. பென் டிரைவைப் பிடுங்கிச் சொருகி, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, சந்தேகப்பட்டு, நாலு வார்த்தை திட்டியிருந்தால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். வந்ததும் முதலில் பார்த்தது அக்காவை இல்லை, கொக்கியை. ஜன்னலில் நன்றாகவே காற்று அடித்துக்கொண்டிருந்தது. கதவு சுவரோடு ஒட்டி அசையாமல் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பார்த்தியா? இவ்வளவு காத்து, ஏதாவது பண்ண முடிஞ்சுதா அதால?"

அக்கா சின்னவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம், விட்டுவிடு என்று அர்த்தம். சின்னவள் அதைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள். "அன்னிக்குக் காத்து இல்ல. நான்தான் அறைஞ்சேன்."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு அக்காவின் பிளாஸ்டரைப் பார்த்தார். அந்தக் கைக்காக ஊட்டிய வேளைகளெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. சின்னவள் கீழே குனியாமல் நின்றாள். கடைசியில் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"அப்போ இது எதுக்கு? கழட்டிடறேன்."

"வேண்டாம் மாமா," என்றாள் சின்னவள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு. "இருக்கட்டும். எனக்குத்தான் அது வேணும்."